கஹ்வா: ஒரு பானமும் அது எழுப்பிய கேள்வியும்

நம் இல்லங்களில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் அடுப்பில் ஏறும் முதற்பாத்திரம் பெரும்பாலும் காபிக்கோ தேநீருக்கோ உரியதாக இருக்கிறது. விருந்தினர் வாசலில் நுழைந்ததும் ஸலாமுக்கு அடுத்தபடியாக நாம் கேட்பதும் அதைப் பற்றித்தான். இவ்வளவு இயல்பாகிவிட்ட காபி, ஒரு காலத்தில் ஹராம் என்று அறிவிக்கப்பட்டது. புனித மக்காவின் தெருக்களில் அது எரிக்கப்பட்டது. அதை விற்றவர்கள் அடிக்கப்பட்டார்கள். அதே பானத்தை உலகிற்கு முதலில் அளித்தவர்களோ, இரவு வணக்கத்திற்காக விழித்திருக்க விரும்பிய முஸ்லிம்கள்.

இவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வதில் இரு பயன்கள் உள்ளன. காபியின் வகைகள் பலவும் முஸ்லிம் நாடுகளின் அடுப்படிகளில் உருவானவை என்பது ஒன்று. குர்ஆனிலும் ஹதீஸிலும் பெயர் சொல்லப்படாத, முன்னோர் நூல்களிலும் தீர்ப்பு எழுதப்படாத ஒரு புதுப்பொருள் வந்தபோது நம் மார்க்க அறிஞர்கள் அதனை எவ்வாறு ஆராய்ந்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது பயனே பெரிது என்று நாம் கருதுகிறோம்.

பெயரும் பிறப்பும்

காபிச் செடியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். ஆடு மேய்ப்பவன் ஒருவன், சிவந்த பழங்களைத் தின்ற தன் ஆடுகள் துள்ளிக் குதிப்பதைக் கண்டு காபியைக் கண்டுபிடித்தான் என்றொரு கதை எங்கும் சொல்லப்படுகிறது. அக்கதை 1671இல் ரோமில் அச்சான ஒரு நூலின் வழியாகவே ஐரோப்பாவில் பரவியது. அதைவிடப் பழமையான செய்திகள் அரபு நூல்களில் உள்ளன.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்ஜஸீரீ என்னும் அறிஞர், கஹ்வா ஆகுமானது என்பதை நிறுவுவதற்காகவே ஒரு நூல் எழுதினார். 'உம்தத்துஸ் ஸஃப்வா' எனத் தொடங்கும் பெயருடைய அந்நூலே காபி வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரமாக விளங்குகிறது. ஏடன் நகரின் முஃப்தியாக இருந்த முஹம்மத் அத்தப்ஹானீ (மறைவு ஹிஜ்ரி 875, கி.பி. 1470–71) செங்கடலுக்கு அப்பாலிருந்த நாட்டில் மக்கள் இதனைப் பயன்படுத்தக் கண்டார் என்றும், ஊர் திரும்பி நோயுற்றபோது நினைவுகூர்ந்து குடித்துப் பார்த்துப் பயன்பெற்றார் என்றும் அந்நூல் கூறுகிறது. சோர்வையும் மந்தத்தையும் அது நீக்குவதை உணர்ந்த அவரும் அவருடைய தோழர்களும் இரவு வணக்கத்திற்குத் துணையாக அதைக் கைக்கொண்டனர். யமனின் மோகா துறைமுகத்து மக்களோ, தம் ஊரில் அடங்கியிருக்கும் ஸூஃபிப் பெரியார் அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ அவர்களையே கஹ்வாவின் தந்தையாகப் போற்றுகின்றனர். அல்ஜீரியாவில் காபிக்கு 'ஷாதுலிய்யா' என்ற பெயரும் வழங்கி வந்தது.

'கஹ்வா' என்ற சொல்லுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பழைய அரபியில் அது மதுவின் பெயர்களுள் ஒன்று. உணவின் மீதுள்ள நாட்டத்தைக் குறைப்பது என்ற பொருளில் மதுவுக்கு ஏற்பட்ட அப்பெயர், உறக்கத்தின் நாட்டத்தைக் குறைக்கும் பானத்திற்கும் இடம்பெயர்ந்தது என்று அகராதியாளர்கள் விளக்குவர். பெயர் ஒன்றாக இருந்ததே பின்னர் எழுந்த ஐயத்திற்கு ஒரு காரணமாயிற்று.

யமனின் இருவகைக் கஹ்வா

அல்ஜஸீரீ இருவகைக் கஹ்வாவைக் குறிப்பிடுகிறார். காபிப் பழத்தின் உலர்ந்த தோலைக் கொதிக்க வைத்து எடுப்பது ஒன்று. வறுத்துப் பொடித்த கொட்டையைக் கொண்டு செய்வது மற்றொன்று.

தோலில் செய்வது இன்றும் யமனில் 'கிஷ்ர்' என்ற பெயரில் வழங்குகிறது. மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் பறித்த பழங்களை வீட்டுக் கூரைகளில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு கொட்டையைப் பிரித்தெடுத்து விற்பனைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய தோலை வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். அத்தோலை இஞ்சியுடன் நீரில் கொதிக்கவிட்டு, சிலர் இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் சேர்த்து இறக்குவார்கள். தேநீரை ஒத்த நிறமும் மென்மையான சுவையும் உடையது அது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யமன் மாணவர்கள் வழியாக இப்பானம் கெய்ரோவின் அல்அஸ்ஹர் வட்டாரத்தை அடைந்தது. அவர்கள் திங்கள், வெள்ளி இரவுகளில் ஒன்றுகூடுவார்கள். சிவப்பு மண்பாண்டம் ஒன்றில் கஹ்வா இருக்கும். குழுவின் தலைவர் சிறு அகப்பையால் மொண்டு தர, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறைப்படி அது வலப்புறமாகக் கைமாறிச் செல்லும். நாவுகளில் திக்ரு ஓடிக்கொண்டிருக்கும். இதுவே காபி அருந்தும் கூட்டத்தைப் பற்றிய மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று.

மக்காவில் ஒரு தடை

ஹிஜ்ரி 917, அதாவது 1511ஆம் ஆண்டு. எகிப்தின் மம்லூக் சுல்தானின் ஆளுகையில் மக்கா இருந்த காலம். சந்தை ஒழுங்கையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் பொறுப்பில் இருந்தவர் காயிர் பேக். ஓரிரவு பள்ளிவாசல் வளாகத்தின் ஒரு பக்கத்தில் சிலர் விளக்கொளியில் கூடி, கோப்பையைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் நெருங்கியதும் அவர்கள் விளக்குகளை அணைத்தார்கள். ஐயம் கொண்ட அவர் மறுநாள் மார்க்கச் சட்ட வல்லுநர்களைக் கூட்டினார்.

அந்த அவையில் நடந்ததை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். கஹ்வாவின் பெயரால் தகாத செயல்கள் நடக்கும் கூட்டங்கள் தடுக்கப்பட வேண்டியவை என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டனர். ஆனால் பானத்தைப் பற்றிக் கேட்டபோது, செடிகொடிகளின் அடிப்படைச் சட்டம் 'ஆகுமானது' என்பதே என்றார்கள். அது போதை தருவதாகவோ உடலுக்குத் தீங்கு செய்வதாகவோ உறுதிப்பட்டால் மட்டுமே தடைக்கு இடமுண்டு. அதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றனர். இது முற்றிலும் முறையான நிலைப்பாடு.

பிழை அடுத்த படியில் நேர்ந்தது. மருத்துவர்களான சகோதரர் இருவர் அழைக்கப்பட்டனர். குளிர்ச்சியும் வறட்சியும் உடைய அப்பானம் உடலின் சமநிலையைக் கெடுக்கும் என்று அவர்கள் சான்று பகர்ந்தார்கள். கஹ்வாவைக் குடித்துத் தம் புலன்கள் மாறியதாகச் சிலர் சாட்சி சொன்னார்கள். ஒருவர், மது தருவதைப் போன்ற போதையை இதுவும் தருகிறது என்றாராம். மதுவின் போதையை நீர் எங்ஙனம் அறிந்தீர் என்று கேட்டபோது, தாம் அருந்தியதை ஒப்புக்கொள்ள நேர்ந்து, அதற்குரிய தண்டனையைப் பெற்றார் என்று அல்ஜஸீரீயின் நூல் பதிவு செய்கிறது.

தடை அறிவிக்கப்பட்டது. கஹ்வா எரிக்கப்பட்டது, விற்றோரும் குடித்தோரும் தண்டிக்கப்பட்டனர். அவையின் அறிக்கை கெய்ரோவுக்குச் சென்றது. சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரீயிடமிருந்து வந்த மறுமொழியோ, தீய செயல்கள் நிகழும் கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதே தவிரப் பானத்தை முழுமையாகத் தடை செய்யவில்லை. அடுத்த ஆண்டு காயிர் பேக் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்கா மக்கள் மீண்டும் கஹ்வா அருந்தினார்கள்.

கெய்ரோ நீதிபதியின் சோதனை

வாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1530களில் கெய்ரோவில் அஸ்ஸுன்பாதீ என்ற உரையாளர் கஹ்வா ஹராம் என்று அறிவித்தார். 1534–35இல் அவருடைய சொற்பொழிவைக் கேட்டுக் கிளர்ந்த கூட்டம், கஹ்வாக் கடைகளைத் தாக்கி அங்கிருந்தோரை அடித்தது. நகரம் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது.

வழக்கு ஹனஃபீ நீதிபதி முஹம்மத் இப்னு இல்யாஸ் அவர்களிடம் வந்தது. அவர் அறிஞர்களின் கருத்தைக் கேட்டார். ஆயினும் அத்துடன் நிற்கவில்லை. தம் இல்லத்திலேயே கஹ்வாவைக் காய்ச்சச் செய்தார். சிலரை அழைத்து அருந்தக் கொடுத்தார். பிறகு அவர்களுடன் அமர்ந்து நாளின் பெரும்பொழுது உரையாடினார். அவர்களுடைய பேச்சில் குழறல் உண்டா, அறிவில் தடுமாற்றம் உண்டா, நடத்தையில் மாற்றம் உண்டா என்று உற்றுநோக்கினார். எதுவும் இல்லை என்று கண்ட பின் கஹ்வா ஆகுமானது என்று தீர்ப்பளித்தார்.

மக்கா அவையும் கெய்ரோ நீதிபதியும் கைக்கொண்ட சட்ட விதி ஒன்றே: தீங்கு நிறுவப்படும் வரை பொருள் ஆகுமானது. தீர்ப்புகள் வேறுபட்டதற்குக் காரணம் விதியன்று. செய்தியைச் சரிபார்த்த முறையே. ஓரிடத்தில் பிறர் சொல் நம்பப்பட்டது. மற்றோரிடத்தில் கண்ணால் பார்த்துத் தெளியப்பட்டது.

இப்னு ஹஜர் (ரஹ்) வகுத்த அளவுகோல்

நம் தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபின் பேரறிஞரும் மக்காவில் வாழ்ந்தவருமான இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) (மறைவு 1566) கஹ்வாவைப் பற்றிச் சொன்ன முடிவு, நம் மதரஸாக்களில் அறிமுகமான 'இஆனத்துத் தாலிபீன்' நூலிலும் எடுத்தாளப்படுகிறது. அதன் சாரம் இது: வழிகளுக்கு உரிய சட்டம், அவை கொண்டு சேர்க்கும் நோக்கங்களின் சட்டமே. வணக்கத்திற்குத் துணையாக ஒருவர் கஹ்வா அருந்தினால் அது வணக்கமாகும். ஆகுமான செயலுக்கென்றால் ஆகுமானது, வெறுக்கத்தக்கதற்கென்றால் வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டதற்கென்றால் விலக்கப்பட்டது.

இதனால் கேள்வி கோப்பையிலிருந்து குடிப்பவரின் உள்ளத்திற்கு நகர்ந்தது. நிய்யத்தைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியை ஒரு சாதாரணப் பானத்தின் மீது பொருத்திக் காட்டிய தெளிவு அது.

ஆட்சியாளர்களின் தடைகள் அதன் பின்னும் வந்தன. இஸ்தான்புல்லில் 1550களில் அலெப்போவைச் சேர்ந்த ஒருவரும் டமாஸ்கஸைச் சேர்ந்த ஒருவரும் முதல் காபிக்கடைகளைத் திறந்தார்கள். 1633இல் சுல்தான் நான்காம் முராத் அக்கடைகளை மூடச் செய்தார். மக்கள் கூடி ஆட்சியைப் பற்றிப் பேசுவார்கள் என்ற அச்சமே அங்கு மேலோங்கி நின்றது. இது முஸ்லிம் மன்னர்களுக்கு மட்டும் உரிய அச்சமன்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675 இறுதியில் அதே காரணத்திற்காகக் காபிக்கடைகளைத் தடை செய்து, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்.

ஊருக்கொரு கஹ்வா

தடைகளைக் கடந்து பரவிய பானம், சென்ற இடமெல்லாம் அவ்விடத்துப் பண்பை ஏற்றது.

அரபு வளைகுடா நாடுகளில் கொட்டையை இளம்பொன் நிறம் வரை மட்டுமே வறுப்பார்கள். கரகரப்பாக இடித்து நீரில் கொதிக்கவிட்டு, தூள் அடியில் தங்கிய பின் ஏலக்காய் இட்ட 'தல்லா' என்னும் கூர்மூக்குக் கெண்டிக்கு மாற்றுவார்கள். குங்குமப்பூவோ கிராம்போ சேர்ப்பதும் உண்டு. சர்க்கரை சேர்ப்பதில்லை, பேரீச்சம்பழமே அதற்கு இணை. ஊற்றுபவர் இடக்கையில் தல்லாவைப் பிடித்து, வலக்கையால் 'ஃபின்ஜான்' என்னும் பிடியில்லாச் சிறு கிண்ணத்தை நீட்டுவார். கிண்ணத்தை நிரப்புவது மரியாதைக் குறைவு. கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மட்டும் ஊற்ற வேண்டும். போதுமென்றால் விருந்தினர் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டுவார். அதுவரை ஊற்றிக்கொண்டே இருப்பது விருந்தோம்பலின் கடமை. ஹஜ், உம்ரா சென்று வந்த நம்மில் பலர் இதனைச் சுவைத்திருப்போம்.

துருக்கி முறையில் கொட்டையை மாவு போல அரைப்பார்கள். நீண்ட கைப்பிடியுடைய 'ஜெஸ்வே' என்னும் சிறு பாத்திரத்தில் தண்ணீர், தூள், சர்க்கரை மூன்றையும் முதலிலேயே சேர்த்துச் சிறுதீயில் வைப்பார்கள். நுரை எழும்பி விளிம்பைத் தொடும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். வடிகட்டுவதில்லை, மண்டி கோப்பையின் அடியில் தங்கும் வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டும். 2013இல் துருக்கிக் காபிப் பண்பாட்டையும் 2015இல் அரபுக் கஹ்வாவையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

தாயகமான எத்தியோப்பியாவில் விருந்தினர் முன்னிலையிலேயே கொட்டையைக் கழுவி, வறுத்து, அந்த மணத்தை அனைவரும் நுகரக் கொடுத்து, இடித்து, 'ஜெபெனா' என்னும் மண்கூசாவில் காய்ச்சுவார்கள். அதே தூளில் மூன்று சுற்று ஊற்றப்படும். மூன்றாம் சுற்றின் பெயர் 'பெரெகா'. நமக்கு நன்கு அறிமுகமான 'பரக்கத்'தின் பொருளே அதற்கும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் செனகல் முஸ்லிம்கள் 'தூபா காபி' அருந்துகிறார்கள். மிளகைப் போன்ற காரமுடைய ஒரு விதையைக் கொட்டையுடன் சேர்த்து வறுத்துப் பொடித்து, துணியில் வடித்து எடுப்பது அது. பிரெஞ்சு ஆட்சியாளரால் நாடு கடத்தப்பட்டு 1902இல் திரும்பிய ஷைகு அஹ்மத் பம்பா அவர்களின் பெயருடன் அப்பானம் இணைத்துப் பேசப்படுகிறது.

நம் வடிகட்டிக் காபி

நெடுங்காலம் உலகின் காபி வணிகம் யமனின் கையில் இருந்தது. மோகா துறைமுகமே அதன் வாயில். இன்று 'மோகா' என்றால் சாக்லேட் கலந்த பானம் என்று கடைகளில் பொருள் கொள்கிறார்கள். அது ஒரு முஸ்லிம் துறைமுகத்தின் பெயர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் ஸூஃபிப் பெரியார் ஹஜ் பயணத்திலிருந்து திரும்புகையில் யமனிலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்தின் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே பாபாபுதன்கிரி என்று அழைக்கப்படுகிறது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். இலங்கையின் கண்டி மலைநாட்டுக் காபித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்தும், பின் கால்நடையாகவும் சென்ற ஏழைத் தொழிலாளர்கள். வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்த பிறகே இலங்கை தேயிலைக்கு மாறியது.

நம் வடிகட்டிக் காபியின் முறை தனித்துவமானது. அடியில் துளைகளுடைய மேற்பாத்திரத்தில் தூளை இட்டு, தண்டுடைய தட்டால் மெல்ல அழுத்தி, கொதிநீரை ஊற்றி மூட வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷனைக் காய்ச்சிய பாலுடனும் சர்க்கரையுடனும் கலந்து, டபராவில் ஆற்றிக் குடிக்கிறோம். அவசரப்பட்டுத் தட்டினால் டிகாக்ஷன் நீர்த்துவிடும். பொறுமையே அதன் பக்குவம். தூளில் சிக்கரி என்னும் செடியின் வேரை வறுத்துக் கலப்பது வழக்கம். ஐரோப்பாவில் காபிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் பரவிய அவ்வேரில் கஃபீன் கிடையாது. கலப்பதில் குற்றமில்லை, விகிதத்தை மறைத்து விற்பதே குற்றம். பொட்டலத்தில் விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டமும்கூட.

நமக்கு எஞ்சும் கேள்விகள்

மக்காவில் நிகழ்ந்தது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி என்று நாம் கடந்துவிட இயலாது. இன்று நம் குடும்பக் குழுக்களின் கைப்பேசிகளில், இந்தப் பிஸ்கட் ஹராம், அந்தப் பானம் ஹராம் என்ற செய்திகள் நாள்தோறும் வந்து சேர்கின்றன. யார் ஆராய்ந்தார், எதனைக் கண்டார் என்று கேட்காமலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஹராமை ஹலாலாக்குவது எவ்வளவு பெரிய பாவமோ, அல்லாஹ் தடுக்காததைத் தடுக்கப்பட்டது என்று நாவால் சொல்லிவிடுவதும் அஞ்ச வேண்டிய செயலே. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிப்பது அதைத்தான். ஐயமிருந்தால் விலகிக்கொள்வது பேணுதல். ஆராயாமல் பிறர்மீது தீர்ப்புச் சொல்வது பேணுதலாகாது. இப்னு இல்யாஸ் அவர்கள் ஒரு கோப்பைக் கஹ்வாவுக்காகச் செலவிட்ட அந்தப் பொழுது நமக்குப் பாடமாகட்டும்.

தீங்கைப் பற்றிய கேள்விக்கும் இன்று தெளிவான விடை உண்டு. உடல்நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை உட்கொள்வதில் அச்சமில்லை என்றும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. உடலில் சேரும் கஃபீன் பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. அஸருக்குப் பின் குடித்த காபி இஷாவுக்குப் பின்னும் உறக்கத்தைத் தடுப்பது இதனால்தான்.

இங்கே இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் அளவுகோல் நம்மை நோக்கித் திரும்புகிறது. யமனின் நல்லோர் விழித்திருக்கவே கஹ்வா அருந்தினார்கள்; அந்த விழிப்பைத் தஹஜ்ஜுதுக்கும் திக்ருக்கும் கொடுத்தார்கள். நாமும் அதே பானத்தைக் குடித்து விழித்திருக்கிறோம். ஆனால் நள்ளிரவு வரை கைப்பேசித் திரையிலும், பிறரைப் புறம்பேசும் அரட்டையிலும் அவ்விழிப்பைச் செலவழித்துவிட்டு, ஃபஜ்ருடைய பாங்கு கேட்காமல் உறங்கிப் போகிறோம். பானம் மாறவில்லை, அதன் நோக்கம் மாறிவிட்டது.

மாணவர் தேர்வுக்குப் படிக்கவும், இரவுப் பணியாளர் தம் குடும்பத்திற்கு ஹலாலாகச் சம்பாதிக்கவும், நோயாளியின் அருகே ஒரு தாய் கண்விழித்திருக்கவும் அருந்தும் காபியிலும் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். அடுத்த முறை கோப்பையைக் கையில் எடுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் அருந்துவோம். இந்த விழிப்பை எதற்குக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

அல்லாஹ் நம் விழிப்பையும் உறக்கத்தையும் அவனுக்கு உவப்பானவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.